தே ஓ குடிக்க வந்தவன்

பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சாப்பாட்டுக் கடையை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. வேலை கேட்கப் போனவன், பால் ஊற்றாத டீயான தே ஓ ஒன்றைக் குடித்துவிட்டு, கேட்காமலே வெளியே வந்திருந்தேன் — அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக.

கிள்ளானில் லோரி கிளீனர் வேலை போய்விட்டது. முதலாளி கொடுத்த அறையையும் அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டும். இந்தக் கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை, தங்க இடம் உண்டு' என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதுதானே வரவில்லை?

நம் கடைகளில் உள்ளே கால் வைத்ததுமே ஆள் வந்து நிற்பார். "அண்ணே, தண்ணி என்னா?" என்பார். என்ன குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வெளியே வராது. "தே ஓ" என்று வாய் தானாகச் சொல்லும். உட்கார்ந்துவிட்டால் நான் கஸ்டமர். கஸ்டமர் எப்படி வேலை கேட்பது? கல்லாவில் இருக்கும் அக்கா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். வியர்வையில் சட்டை நனைந்துவிடும்...

மோனோரயில் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். பயம் தெளிந்து அல்ல. படுக்க இடம் இல்லாமல்.

"தே ஓ தானே அண்ணே?" என்றார் அதே ஆள்.

"இல்ல... வேலை." அவ்வளவுதான் வந்தது.

கல்லா அக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "வேலையா? நான் ஹெல்த் ஆபீசர்னு நெனச்சேன் லா. பாக்கெட்டுல பேனா வேற. வந்து உக்காந்து சுத்திச் சுத்திப் பாக்குறீங்க, ஒண்ணும் பேசாம எழுந்து போறீங்க. உங்களுக்குப் பயந்து கிச்சன ரெண்டு வாட்டி கழுவச் சொன்னேன்."

"கழுவுனது நான்தான் அண்ணே," என்றார் 'தண்ணி என்னா' என்று கேட்டவர். அவர் சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்தும் ஒருவர் பயந்திருக்கிறார்! நாம் நடுங்கிக்கொண்டு போய் நிற்கிற இடத்தில், எதிரே இருப்பவர் எதை நினைத்து நடுங்குகிறாரோ, யார் கண்டது? இது தெரிந்ததும் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயத்துக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

"மேல ரூம் இருக்கு. போய் பைய எடுத்துட்டு வாங்க. காலைல வேலை," என்றார் அக்கா.

காலையில்தான் என்ன வேலை என்று சொன்னார். கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

முதலில் வந்தவர் என்னைக் கண்டதும் ஃபோனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். நம்ம மாதிரி பயந்த ஆள். மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.