சீரியஸ் என்று வந்த தந்தி

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த டாக்டர், "உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சீரியஸ்தான்" என்றார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தந்திகளை, பத்து வயதில், மிஷன் பள்ளியில் படித்த நான்தான் வாசித்துச் சொல்வேன். 'படிப்பில் சீரியஸ் இல்லை' என்று டீச்சர் என் ரிப்போர்ட் கார்டில் எழுதியிருந்ததால், அந்தச் சொல்லை அகராதியில் தேடியிருந்தேன். விளையாட்டில்லாத, முக்கியமான, ஆபத்தான என்று பல பொருள்கள் இருந்தன. லத்தீன் வேருக்குக் 'கனமான' என்று பொருளாம். எங்கள் தெருவிலோ ஒரே பொருள்தான். செத்துப்போனார் என்று யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள். சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள்.

மஸ்கட்டிலிருந்த அப்பாவைப் பற்றி அப்படியொரு தந்தி வந்தது. நான் வாசித்து முடிக்குமுன் அம்மா எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். சாயங்காலத்துக்குள் முற்றத்தில் துக்கப் பந்தல் எழுந்தது.

பத்தாம் நாள் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. சாகுமுன் எழுதியது என்று நினைத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காத மக்ளே, என்னால கேக்க முடியாது."

நான் தபால் முத்திரையைப் பார்த்தேன். தந்திக்கு நான்கு நாள் பிந்திய தேதி.

"அம்மா, அப்பா இருக்காவ."

அப்பா வந்து வாசலில் நிற்கும்வரை அம்மா அதை நம்பவில்லை.

டாக்டர் ஸ்கேன், மருந்து என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அவிய உயிரோட இருக்காவளா?" என்று கேட்டேன்.

"இருக்காரும்மா. அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.