காது ஒட்டாத கப்பு

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ்ஸின் போர்டை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் வேப்பூரைத் தாண்டியிருக்கும். ஆனால் சூளையில் வேகாத பச்சைக் கப்பைத் தொட்டால் எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பீங்கான் கொட்டகையில் கப்புக்குக் காது ஒட்டுவது என் வேலை. இரண்டும் ஈரமாக இருக்கும்போதே மண்கூழைத் தொட்டு ஒட்ட வேண்டும். காய்ந்தபின் ஒட்டாது. சூளையில் வேகும்வரை காதைப் பிடித்து யாரும் தூக்க மாட்டோம். பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்துத்தான் எடுப்போம்.

தேர்தல் சமயத்தில் அந்த வேட்பாளர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் வைத்திருக்கும் பணக்காரர். வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன.

"நான் ஜெயிச்சா இங்க பெரிய பீங்கான் ஆலை வரும். வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலை. வெளியூர் போன புள்ளைங்க எல்லாம் திரும்பி வந்துடுவாங்கம்மா" என்றார்.

"எந்த எடத்துலங்க வரும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே, போட்டோவுக்காக என் பலகையிலிருந்து காய்ந்த கப்பு ஒன்றைத் தூக்கினார். காதைப் பிடித்து. காது கையோடு வந்துவிட்டது.

உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை. நான் உடைக்காத கப்பா? அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். கப்பைப் பலகையில் வைத்து, காதை அதன்மேல் சாய்த்து நிறுத்தினார். பார்ப்பதற்கு முழுக் கப்புதான். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பக்கத்தில் மண் பிசைகிறவள், "யக்கா, நீ ஒரு நாளெல்லாம் ஒட்டுறத அவரு கூழே இல்லாம ஒட்டிட்டாரு பாரு" என்றாள். கொட்டகையே சிரித்தது.

அன்று சாயங்காலம் என் மகள் போன் செய்தாள். தன் புருஷன் தவறிப்போனபிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள். ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான். இன்றைக்கும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, அரிசியைத் திரும்ப அள்ளிப் போடுகிறேன்.

"யம்மா, அவரு பேசுன வீடியோ பாத்தேன். உன் பொடவைகூட தெரியுது! ஆலை வருதாமே. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடவா?"

ஒரு வார்த்தை போதும், வந்துவிடுவாள். அந்த வார்த்தை என் வாயில்தான் இருந்தது. வா என்றோ போ என்றோ நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பதில் காது உடைந்த கதையைச் சொன்னேன்.

"ஒரு கப்பு காதுக்காகவா இவ்ளோ சந்தேகம்?" என்று சிரித்தாள்.

"காதுக்காக இல்லடி. ஒடஞ்சத ஒடஞ்சிச்சுன்னு சொல்லல பாரு. நாளைக்கு ஆலை வரலன்னா மட்டும் சொல்லப்போறாரா?"

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப நான் வர வேணாங்கிறியா?"

"வாடி. ஓட்டு போட வா. லீவு சொல்லிட்டு வா, வேலைய வுட்டுட்டு வராத. அந்த ஆலையில பொகை கெளம்புனா மொத போன் ஒனக்குத்தான்."

வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். காதில்லாத அந்தக் கப்பை வீணாக்க மனமில்லாமல் சூளையில் வேகவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில்தான் அவளுக்கு டீ கொடுத்தேன். சூடு தாங்காமல் முந்தானையால் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். போகும்போது அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

அவர் ஜெயித்துவிட்டார். ஆலைக்கு இடம் பார்ப்பதாகத்தான் இன்னும் சொல்கிறார்கள். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நான் தோற்றதாக ஒப்புக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். எடுத்ததும், "பொகை தெரியுதாம்மா?" என்பாள்.

வாசலுக்குப் போய் நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

"இன்னும் இல்லடி. நீ சாப்ட்டியா?"