சாட்டிய ஊரில் ஒரு தாளிப்பு

செல்லக்கிளியை ஓரிடத்தில் நிற்க வைத்துப் பேச முடியாது. நாம் கேட்பது பாதி காதில் விழும், மீதி விழுமுன் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். முன்பு சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போனவள். மூட்டத்தில் எங்கே புகை கூடினாலும் ஓடிப்போய் மண் அள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் சாம்பல். அந்த ஓட்டம் உடம்பிலேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காலை உணவுத் திட்டம் வந்ததும், மகளிர் குழுவிலிருந்து அவளைத்தான் சமைக்கப் போட்டார்கள். விடியுமுன் போய் ரவை வறுப்பாள். கடுகு வெடித்து, கறிவேப்பிலை வாசம் தெருவுக்கு வந்தால் பிள்ளைகள் தாமாகவே வந்து சேரும். அதில் ஒன்றாவது படிக்கும் சுகப்பிரியாவைக் கண்டால் அவளுக்கு உயிர். அந்தப் பிள்ளையின் அம்மா சுமதி, மில் வேன் ஏறி இருட்டிலேயே அருப்புக்கோட்டைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டால்தான் அதற்குக் காலைச் சாப்பாடு.

பங்குனியில் மாரியம்மன் பொங்கலுக்கு நாள் குறித்து ஊருக்குச் சாட்டினார்கள். சாட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை எங்கள் ஊரில் யாரும் வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயும் வாசம் எழுந்தால் ஆத்தா கோபித்து அம்மையாக வருவாள் என்பது நம்பிக்கை. மதியச் சத்துணவில் சாம்பாரைத் தாளிக்காமல் இறக்கிவிடலாம், முட்டையும் இருக்கிறது. உப்புமாவை என்ன செய்வது? திட்டம் போட்டவர்களுக்கு எங்கள் மாரியம்மனைத் தெரியாது.

செல்லக்கிளிக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. போன வருஷம் அவள் மகள் யுவராணிக்கு அம்மை போட்டு, வேப்பிலையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தவள். அதனால் ரவையை வறுக்காமல், வெந்நீரில் உப்புப் போட்டுக் கிண்டி வைத்தாள். சுவரொட்டி ஒட்டலாம், அப்படி இருந்தது. பிள்ளைகள் விரலால் தொட்டுவிட்டு எழுந்துபோயின. மறுநாள் கிச்சடிக்கும் அதே கதி. சுகப்பிரியா முதல் பாடத்திலேயே தரையில் சுருண்டு படுத்துவிட்டது.

“பசியில தூங்குதுக்கா,” என்றார் ரேணுகாதேவி டீச்சர். “தட்டிப் பாத்தேன், எந்திரிக்க மாட்டேங்குது.”

அன்று செல்லக்கிளிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடியற்காலை அடுப்புக்கு முன்னால் நின்று, “ஆத்தா, தாளிக்கிறது என் கை. கேக்கணும்னா என்னையக் கேளு. பிள்ளைக பக்கம் போயிராத,” என்று சொல்லிவிட்டு எண்ணெயை ஊற்றினாள். கடுகு வெடித்த சத்தத்துக்கு அவளே நடுங்கினாள்.

வாசம் ஊர்த் தலைவர் காளிராஜ் வீட்டைத் தொட்டுவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தன. தின்கிற பிள்ளையிடமிருந்து தட்டைப் பிடுங்கும் அளவுக்கு அவர் கெட்டவரில்லை. செல்லக்கிளியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஏத்தா, பொங்கலுக்குள்ள ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் மாமா.”

சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது. தாளிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் தட்டு நீட்டுகிற ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துத்தான் பரிமாறினாள். நெற்றியைக் காட்டினால்தான் உப்புமா என்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டன. சட்டைக் கையை ஏற்றிக் கொப்புளம் தேடுவாள். கொசுக்கடியைக் கண்டாலும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள்.

பொங்கல் நெருங்கிய ஒரு காலையில் சுகப்பிரியாவின் நெற்றி கொதித்தது.

டீச்சர் சுமதிக்குப் போன் போட்டார். ஷிப்டு முடியாமல் வர முடியாது என்று அவள் அழுதாள். செல்லக்கிளி பிள்ளையைச் சேலை முந்தானையால் போர்த்தித் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். காளிராஜ் அந்தப் பக்கமாக வந்தார். பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திருச்சுழி வரும்வரை ‘என்னையத்தான கேக்கச் சொன்னேன்’ என்று வாய்க்குள்ளேயே ஆத்தாவோடு சண்டை போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் முதுகு, நெஞ்சு, வாய் எல்லாம் பார்த்தார்.

“அம்மை இல்ல. தொண்டைதான் புண்ணாயிருக்கு. மருந்து குடுத்தாச் சரியாயிரும்.”

மருந்தின் அளவுக்காகப் பிள்ளையை எடை மிஷினில் ஏற்றிய நர்ஸ், முள்ளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இது அந்த நோஞ்சான் பிள்ளையில்ல? பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல நாங்க எடை பாக்க வந்தப்ப எலும்பும் தோலுமா இருந்துச்சே. எடை நல்லா ஏறியிருக்கு. சாப்பிட என்னம்மா குடுக்கிறீக?”

செல்லக்கிளி வாய் திறக்குமுன் காய்ச்சலோடு சுகப்பிரியாதான் பதில் சொன்னது.

“உப்புமா. தாளிச்சது.”

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் பயந்துபோய், அதான் அம்மை இல்லையென்று சொல்லியாயிற்றே, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க நர்சம்மா,” என்றாள் செல்லக்கிளி. “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்க ஊருக்குக் கேக்கணும்.”