பானட் மூடாத கார்

பூதலூரில் என் பட்டறையில் அன்று நான், காரின் சொந்தக்காரர், வெல்டர் சூசை ஆகிய மூவர் இருந்தோம். பழைய காரின் அடிச்சட்டமான சேசிஸில் பாடியை ஏற்றி ரேடியேட்டரையும் மாட்டியிருந்தேன். பானட் மூடவில்லை, ஒரு பக்கம் விரல் நுழைந்தது.

காரைப் பிரித்த நாளில் சூசை எதையோ பொறுக்கிப் பையில் போட்டதைப் பார்த்திருந்தேன். கார் சொந்தக்காரர் எதிரிலேயே கேட்டேன்.

"எந்தப் பார்ட்டைத் திருடினே? பையைக் காட்டுடா. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சூசை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகள்.

"சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல மட்டம் பாத்து வச்ச தகடுண்ணே. துருன்னு நீங்கதான் குப்பையில போட்டீங்க. பாடி ஏத்தறப்ப சொல்ல வந்தேன். 'எனக்கே பாடமா'ன்னு விரட்டிட்டீங்க."

ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்று சாக்பீஸால் எழுதியிருந்தான். பாடியைத் தூக்கி, தகடுகளை அந்தந்த இடத்தில் வைத்தோம். பானட் மூடியது.

சூசையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. காரைப் பிரித்த அன்று குப்பையிலிருந்து அவன் பொறுக்கிய தகடுகள் பதினொன்று.