பெயர் தொலைந்த பாடங்கள்

1. திரை இல்லாத கம்ப்யூட்டர்

"ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்று ஃபோனில் கேட்டேன். பூட் ஆகாத கம்ப்யூட்டரைப் பற்றி யார் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"ஸ்கிரீனே கிடையாதே. எனக்கு எதுக்கு அது? எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றது எதிர்முனைக் குரல்.

ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில், நானும் பாஸ்கரும் டேட்டா ரெகவரி செய்கிறோம். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுக்கும் வேலை. டிஸ்க்கைத் திறந்து உள்ளே கைவைப்பது நான். மீண்டதைச் சாஃப்ட்வேரில் போட்டுச் சலிப்பது அவன். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவள் என்பதால் எல்லா வகை வாடிக்கையாளரும் எனக்கு அத்துப்படி என்றொரு மிதப்பு இருந்தது. திரை இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் அன்றுதான் முதன்முதலாகப் பேசினேன்.

ஸ்டெல்லா டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சாந்தோமில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு, பார்வையற்ற பிளஸ் டூ மாணவர்களுக்காக ஒலிநூலகம் நடத்துகிறார். பாடப்புத்தகத்தை யாராவது வாசிக்க, அதை ரெக்கார்டு செய்து வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கம்ப்யூட்டர் அவரிடம் பேசும், திரையில் வர வேண்டியதை எல்லாம் வாசித்துக் காட்டும். அவர் கீபோர்டில் பதில் சொல்வார். அன்று காலை ஆன் செய்தபோது அது பேசவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, கடைசித் திருப்புதலுக்கு முழுப் பாடங்களையும் வாங்கிப்போக அடுத்த வாரக் கடைசியில் பிள்ளைகள் வருவதாக இருந்தது.

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இருந்துச்சு. ஒரே எடத்துல ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு பத்திரமா தங்கச்சி வீட்டுல குடுத்து வெச்சேன். தங்கச்சி வீடு வேளச்சேரி."

மேலே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மழை வெள்ளத்தில் ஊறிய டிஸ்க்குகள் வேளச்சேரியிலிருந்து எங்களுக்கு நிறையவே வந்திருக்கின்றன.

"ஏதாவது சத்தம் வந்துச்சா?" இதையும் எல்லோரிடமும் கேட்பேன். கவனிக்கலையே என்றுதான் பதில் வரும்.

"சுத்த ஆரம்பிக்கிற சத்தம் எப்பவும் போல ஒழுங்கா ஏறுது. ஏறி முடிச்சதும் உள்ள ஒண்ணு தட்டுது. டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தி மறுபடி டொக், டொக், டொக். எதையோ தேடிப் போயி, கிடைக்காம திரும்பி வர்ற மாதிரி இருக்கு. அதக் கேட்டதுமே பிளக்கப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் யாரையும் கைவைக்க விடல."

உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏன் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுற்றும். அவற்றின் மேல் ஹெட் என்ற சின்னஞ்சிறு ஊசிமுனை, தட்டைத் தொடாமல், காற்றிலேயே மிதந்துகொண்டு படிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தூசு நுழைய இடம் கிடையாது. ஹெட் பழுதானால் தேடிப் போய், கிடைக்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அந்தத் தட்டல்தான் அது. டீச்சர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. அந்த நிலையில் மறுபடி மறுபடி ஆன் செய்தால் ஹெட் தட்டில் உரசும். உரசினால் அங்கிருந்த டேட்டா பொடியாகக் கொட்டிவிடும். பொடியை யாராலும் படிக்க முடியாது. எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டன் தேயும்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் வருவார்கள். குளிர வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

2. முகம் தெரிந்த தட்டு

டீச்சர் ஆட்டோவில், சி.பி.யூ.வைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பாஸ்கர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டான்.

"இன்னா டீச்சர், ஆட்டோல ரொம்பக் குலுங்குச்சா?"

"சைதாப்பேட்டை தாண்டுற வரைக்கும் மோசம். நான் குலுங்கினேன், அதக் குலுங்க விடல."

சாதாரணமாக நான் ஒரு தடவை பவர் கொடுத்து, காதை வைத்துக் கேட்டு, அதன் பிறகுதான் டிஸ்க்கைத் திறப்பேன். அன்று பவர் கொடுக்கவில்லை. கேட்க வேண்டியதை என்னைவிட நல்ல காது ஒன்று ஏற்கெனவே கேட்டுவிட்டதே. தூசு புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைக் கழற்றினேன். டீச்சர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தெரியுது மேடம்?"

"என் முகம் தெரியுது டீச்சர்."

"அது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"இதவிட நல்ல சேதி எங்க தொழில்ல கிடையாது."

தட்டில் ஒரு கீறல் இல்லை. ஹெட் டொக் டொக்கென்று அடிக்கத் தொடங்கிய பிறகும் இப்படிப் பளிங்காக இருந்த தட்டை நான் பார்த்தது அபூர்வம். அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் ஹெட்டைக் கழற்றி இதில் பொருத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை அது. பவர் கொடுத்ததும் சத்தம் ஏறியது, ஏறி நிலைத்தது. தட்டல் இல்லை.

"வந்துருச்சு" என்று எனக்கு முன்னால் டீச்சர் சொன்னார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, எனக்கு.

3. கடுகு வெடிக்கும் சத்தம்

சந்தோஷம் மறுநாள் வரைகூட நிற்கவில்லை. டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து முடித்த பாஸ்கர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஃபைலெல்லாம் கீதுக்கா. பேருதான் ஒண்ணுத்துக்கும் இல்ல."

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று டிஸ்க் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும். கண்ணுக்குக் கீறல் தெரியாவிட்டாலும், பழைய ஹெட் சாகும் முன் கண்டபடி எழுதியதில் அந்த மூலை மட்டும் படிக்க முடியாமல் போயிருந்தது. தெருவில் வீடெல்லாம் அப்படியே நிற்கிறது, எந்த வீட்டுக்கும் கதவு எண் இல்லை என்கிற நிலைமை. ஆயிரக்கணக்கான ஒலி ஃபைல்கள் வெறும் நம்பர்களோடு வரிசையாகக் கிடந்தன. எது வரலாறு, எது பொருளியல், எது முதல் பாடம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பிரிப்பதற்குள் தேர்வே முடிந்துவிடும். இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அவ்வளவுதானே? ஒரு கம்ப்யூட்டர் குடுங்க. ஸ்கிரீன உங்க பக்கம் திருப்பி வெச்சுக்கோங்க" என்றார்.

உட்கார்ந்து, ஃபைல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஸ்பீக்கரில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவர் அதைக் கேட்டபடியே டைப் அடித்துக்கொண்டு போனார்.

"வரலாறு, நாலாவது பாடம், ரெண்டாம் பகுதி. அமலோற்பவம் அக்கா படிச்சது. பின்னாடி கிரைண்டர் ஓடுது பாருங்க, அது அவங்க வீடு."

எங்களுக்குக் கிரைண்டரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பாஸ்கர் அந்த ஃபைலைத் தனியாக எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். வரலாறு. நாலாவது பாடம். தூரத்தில் கிரைண்டர். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் இன்னொன்றைச் சோதித்தவன் அலறினான். "அக்கா, இங்க வா! ரெண்டு ஃபைல் ஒட்டிக்கினு கீது!"

போய்க் கேட்டேன். கனமான ஆண்குரல் ஒன்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. "இந்நடவடிக்கைகளால் பணவீக்கம் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆண்டவரின் அருள்வாக்கு."

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன், அதேதான். ஒன்றோடொன்று கலந்திருந்தால் மீட்டதில் எதையுமே நம்ப முடியாது. டீச்சர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

"ஒண்ணும் ஒட்டல. அது எங்க இன்னாசி சார். கோயில்ல பூசை நேரத்துல பைபிள் வாசகம் வாசிக்கிறவங்களத்தான் நான் பாடம் படிக்கக் கூட்டிட்டு வருவேன். உச்சரிப்பு சுத்தமா இருக்கும். அங்க வாசிச்சு முடிச்சா 'ஆண்டவரின் அருள்வாக்கு'ன்னு சொல்லணும், மக்கள் 'இறைவா உமக்கு நன்றி'ன்னு பதில் சொல்லணும். வருஷக்கணக்கான பழக்கம். பொருளியலுக்கும் வந்துடுது. பசங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. பாடம் முடிஞ்சதும் ஹெட்ஃபோன கழட்டிட்டு மொத்தப் பேரும் கோரஸா 'இறைவா உமக்கு நன்றி'. பாடம் ஒழிஞ்சதுக்குத்தான் நன்றி!"

அந்த வாரம் முழுக்கப் பகல் வேளைகளில் டீச்சர் வந்து உட்கார்ந்தார். நாங்கள் டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நான் ஒரு ஹெட்டை மாற்றிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் காதாலேயே ஒரு நூலகத்தைத் திரும்ப அடுக்கினார். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான்.

4. ஏழாம் பாடம்

எல்லாம் அடுக்கிய பிறகு ஒன்று மட்டும் குறைந்தது. பொருளியல் ஏழாம் பாடத்தின் கடைசிப் பகுதி வெறும் கரகரப்பாக இருந்தது. இன்னாசி சார் வெளியூரில் இருந்தார். மறுநாள் காலை பிள்ளைகள் வருகிறார்கள்.

டீச்சர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். "படிங்க."

"நானா? என் குரலப் பார்த்து பாஸ்கரே பயப்படுவான் டீச்சர்."

"பயந்தா பாடம் மறக்காது. படிங்க."

பட்டறை இரைச்சல் எட்டாத உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நாக்கு ஒட்டியது, இரண்டு இடத்தில் தடுமாறித் திரும்பப் படித்தேன். கடைசி வரி முடிந்தது. வாரம் முழுக்கக் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வாய், என்னைக் கேட்காமலேயே சொன்னது: "ஆண்டவரின் அருள்வாக்கு."

நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வெளியே வந்து, அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். டீச்சர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஃபோனில் யார் கூப்பிட்டாலும் திரையில் என்ன வருகிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. என்ன கேட்கிறது என்றுதான் கேட்கிறேன். தெரியவில்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். முன்பெல்லாம் கவனிக்கலையே என்றவர்கள், இப்போது சொல்கிறார்கள். இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அவ்வளவுதான்.

சமீபத்தில் ஓர் அழைப்பு வந்தது. "ஹலோ, டேட்டா ரெகவரி" என்றேன்.

"மேடம், நீங்க பொருளியல் ஏழாவது பாடம்தானே?"

இப்போது கல்லூரியில் படிக்கும் பையன். லேப்டாப் பூட் ஆகவில்லையாம், உள்ளே ஏதோ தட்டுகிறதாம், உடனே அணைத்துவிட்டானாம். ஸ்டெல்லா டீச்சர் வளர்ப்பு ஆயிற்றே. மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். ஃபோனை வைக்கப் போனவன் மறுபடி பேசினான்.

"மேடம், பரீட்சையில அந்தப் பாடத்துல இருந்துதான் பெரிய கேள்வி வந்துச்சு. நான் பதில் சொல்லச் சொல்ல, எனக்காக எழுத வந்தவர் எழுதினாரு. மனசுக்குள்ள உங்க குரல்தான் ஓடுச்சு, நீங்க தடுமாறின எடத்துல நானும் தடுமாறினேன். முடிச்சதும் பழக்கதோஷத்துல 'இறைவா உமக்கு நன்றி'ன்னுட்டேன் மேடம். பாவம், அவரு அதையும் விடைத்தாள்ல எழுதிட்டாரு."