குறைந்த டீசலும் ஏறிய ஆயிலும்

டீசல் வாசனை சோப்புக்குப் போகாது. சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிற முதல் உருண்டையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறாம் வகுப்பு முடிந்து விட்ட கோடை விடுமுறை முழுவதும் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். காலையில் பல் துலக்கியவுடன் அப்பாவின் ஜீப் டாங்கில் மூங்கில் குச்சியை விட்டு, எத்தனை கோடு நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்த விடுமுறையில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. அப்பா அந்தப் பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு மேலே இருக்கிற ஊர்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போய்வந்தார். டீசல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால், குச்சியில் கத்தியால் கோடு கீறிவைத்திருந்தார். வழக்கமான இரண்டு நடைக்கு நான்கு கோடு குறையும். அந்தக் கோடையில் ஐந்து குறைந்தது, பிறகு ஆறு. ஜீப்புக்கு அடியில் வெள்ளைச் சாக்கை விரித்துப் போட்டுப் பார்த்தார் அப்பா. ஒரு சொட்டு இல்லை. "கீழயும் ஒழுகல, மேலயும் ஒழுகல. அப்ப எவனோ எடுக்கறான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோர் பேச்சும் தாழ்ந்துவிட்டது.

முதலில் டீசல் போடுகிற இடத்தில் அளவு குறைக்கிறார்கள் என்றார். வேறு இடத்தில் போட்டுப் பார்த்தும் கணக்கு மாறவில்லை. இதற்கிடையில் இன்னொரு விந்தை. எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், குறையவேண்டிய ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. "ஆயிலு கொறையும், கேள்விப்பட்டிருக்கேன். ஏறுமா? எவனோ டீசல எடுத்துக்கிட்டு, எம்மேல இருக்கற வயித்தெரிச்சல்ல ஆயிலுல மண்ணெண்ணெய ஊத்தி வெக்கிறான்" என்று அப்பா பல்லைக் கடித்தார். வழக்கமாக வண்டி பார்க்கிற அம்மாபேட்டை மேஸ்திரிக்கு அம்மா போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் பதறிப்போய், "அக்கா, வண்டிய எடுக்கவே வேண்டாமுங்க, நான் வந்து பாக்கறேன்" என்றிருக்கிறார். அப்பா அதையும் நம்பவில்லை. வேலை பிடிப்பதற்காகப் பயமுறுத்துகிறான் என்று, அவரை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டார்.

சந்தேகப்பட மிச்சம் இருந்தவர் பக்கத்து வீட்டுத் துரைசாமி பெரியப்பா. உறவு இல்லை, அப்பா "அண்ணா" என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியப்பா. அவரிடம் டிராக்டர் இருந்தது, கிணற்றில் டீசல் எஞ்சின் இருந்தது. அவர் மகள் கலாமணி என் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லாததால், யார் வீட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறதோ அங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுவோம். அப்பா சாடையாக அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியதும் நானும் பார்க்கத் தொடங்கினேன். பெரியப்பா கேனைத் தூக்கிக்கொண்டு போனால் அது எந்தக் கேன், ஜீப் பக்கம் நின்று பீடி பற்றவைத்தால் ஏன் அங்கே நிற்கிறார் என்று எல்லாம் கண்ணில் பட்டது. ஒருநாள் பல்லாங்குழி ஆடும்போது கலாமணி குனிந்தாள். அவள் பாவாடையில் டீசல் வாசனை அடித்தது. நேராக வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் அதைச் சொன்னேன். "எம்புள்ள மூக்குக்கு எதுவும் தப்பாது" என்று அப்பா என் தலையைத் தடவினார். அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கே அப்பா போய்க் கேட்டுவிட்டார். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"ஏந்தம்பி, என்னையுங்களா கேக்கறீங்க?"

"உங்க புள்ள துணியில டீசல் நாத்தம் அடிக்குதுன்னா வேற யாரைங்ணா கேக்கறது?"

"கெணத்து மோட்டாருக்கு நாந்தான் டீசல் ஊத்தறேன், அவ புனல் புடிக்கறா. அதுக்கு நாறாதுங்களா?"

அப்பா திரும்பி வந்துவிட்டார். கதவு நிலையில் நின்ற கலாமணி அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இரண்டே நாளில் பெரியப்பா நடுவில் முள்வேலி போட்டார். அப்பா டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டார். ஆனாலும் காலையில் அளந்தால் ஆறு கோடு குறைந்துதான் இருந்தது. "மாத்துச் சாவி போட்டு எடுக்கறான்" என்றார் அப்பா.

எனக்கு அது ஒட்டவில்லை. பெரியப்பாவிடம் நாய் இருந்தது, எங்களிடமும் இருந்தது. இருட்டில் தெரிந்தவர் வந்தால்கூடக் குரைக்கிற அவை இரண்டும் ஒரு ராத்திரியும் குரைக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனதும், சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே ஆறு கோடு குறைந்திருந்தது. காலையில் மறுபடி அளந்தேன். மாலை இருந்த அதே இடத்தில் நனைந்திருந்தது, நூல் பிசகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. நாங்கள் இத்தனை நாளும் காலையில் மட்டும்தான் அளந்திருக்கிறோம். டீசல் போவது வண்டி ஓடும்போது. அது நிற்கும்போது யாரும் தொடவில்லை.

அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பா மறுபடி வேலியைத் தாண்டிப் போய்த் தலைகுனிய வேண்டும். யார் பேச்சைக் கேட்டுப் போனார் என்ற கேள்வி வரும். காலையில் வழக்கம்போல "ஆறு கோடு கம்மி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவைத் திருடன் என்று நினைப்பதை நான் நிறுத்திவிட்ட பிறகும், திருடனைப் பார்க்கிற மாதிரியே அவரைப் பார்த்தேன்.

அந்த வாரம் மேலே ஒரு வீட்டு விசேஷத்துக்காக அம்மாவும் நானும் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போனோம். பின்னால் ஐந்தாறு பேர். முதல் வளைவு ஏறும்போது, அப்பா காலை எடுத்த பிறகும் எஞ்சின் குறையாமல் தானாகவே உறுமத் தொடங்கியது. உறுமல் ஊளையாக மாறியது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பிப் பாதையே மறைந்துபோனது. அப்பா சாவியைத் திருப்பினார், எஞ்சினை நிறுத்துகிற கம்பியை இழுத்தார். கம்பி கையோடு வந்ததே தவிர எஞ்சின் நிற்கவில்லை. "எறங்குங்க! எல்லாரும் குதிங்க!" என்று கத்தினார். அம்மா என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஓரத்து மண்ணில் விழுந்தார். அவர் மணிக்கட்டு மடங்கிய சத்தத்தை நான் கேட்டேன். அப்பா மட்டும் உள்ளேயே இருந்தார். பிரேக்கின் மேல் முழு உடம்போடு ஏறி நின்று, கடைசி கியரைப் போட்டு, கிளச்சைப் பட்டென்று விட்டார். ஜீப் பிடித்து உலுக்கியதுபோல் குதித்து, அடங்கியது. ஒரு பக்கத்து இரண்டு சக்கரத்துக்கும் அடுத்தாற்போல் பள்ளம்.

கீழே ஆளனுப்பியதும் முதலில் வந்த டிராக்டர் துரைசாமி பெரியப்பாவுடையது. அவர் நேராக அம்மாவிடம் வந்தார். அம்மாவின் கையைத் துண்டால் கட்டி ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து பானெட்டைத் திறந்து, ஆயில் கம்பியை உருவி மூக்கருகே பிடித்தார். விரலில் தேய்த்தார். தண்ணீராக ஓடியது.

"தம்பி, இங்க வாங்க. மோந்து பாருங்க" என்றார். "இது ஆயிலுங்களா? பாதிக்கு மேல டீசலு. உங்க டீசல் எந்த ஊட்டுக்கும் போவலைங்க. உங்க எஞ்சினுக்குள்ளயேதான் எறங்கியிருக்குது."

கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டபின், அம்மாபேட்டை மேஸ்திரி வந்து எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பம்பைக் கழற்றினார். டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் இருந்த ரப்பர் தகடு நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக டீசல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் அளவுமீறிப் போனதும் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து எரிந்து வெறிபிடித்திருக்கிறது. புது ரப்பர், புது ஆயில், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு ஒரு மணி நேர வேலை.

மாவுக்கட்டோடு வந்த அம்மாவிடம் அன்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "உங்கப்பாவ நான் பாத்துக்கறேன். கலாமணிகிட்ட நீயே போயிச் சொல்லிரு" என்றார். அப்பா வேலியைத் தாண்டிப் போய்ப் பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். வேலியை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பிடுங்கினார்கள். நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். வேலி போட்டதிலிருந்து என்னோடு பேசாமலே இருந்த கலாமணியைப் பள்ளி திறக்கும் முன் குமாரபாளையத்தில் அவள் அத்தை வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஜீப் பிறகு கைமாறிப் போனது. பெரியப்பாவின் கிணறு மண் நிரப்பப்பட்டு அதன்மேல் வரிசையாகக் கடைகள் வந்துவிட்டன. அப்பாவும் பெரியப்பாவும் இல்லை. போன மாதம், மகள் கல்யாணப் பத்திரிகையோடு கலாமணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜவுளி வியாபாரத்தில் நன்றாக இருக்கிறாள், மாப்பிள்ளை வெண்ணந்தூர். காப்பி குடித்து முடித்ததும், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று, பாவாடையைப் பற்றி அப்பாவிடம் சொன்னது நான்தான் என்றேன்.

"அது அன்னைக்கே தெரியும். 'அந்தப் புள்ள பொய் சொல்லலியே, நாத்தம் அடிச்சுது, சொல்லுச்சு'ன்னு எங்கப்பாவே சொன்னாரு."

"அப்புறம் ஏன் நீ என்கூடப் பேசவே இல்ல?"

கலாமணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ சாயங்காலத்துல பூட்டத் தொறந்து குச்சி விட்டுப் பாத்தியே, அப்ப நான் வேலிக்கு எங்க பக்கம் நின்னேன். காலையில திரும்பப் பாத்துட்டு உம்மூஞ்சி போன போக்கையும் பாத்தேன். இன்னைக்குச் சொல்லிருவா, நாளைக்குச் சொல்லிருவான்னு இருந்தேன், ஸ்டெல்லா."

அவள் பத்திரிகையை என் கையில் கொடுத்து, முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றாள். "வாரேன்" என்றேன். அவள் உடனே தலையாட்டவில்லை. நிஜமாகவே வருவேனா என்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.