சீனி போடுறீங்களா?

ஆயம்மாவின் வலது பாதம் இன்னும் என் மடியில் கிடப்பது போலவே இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. ஓரமெல்லாம் சிவந்து வீங்கி, நடுவில் வெளிறிய சதை. தேயிலைச் செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் குறுக்குவழியாக வந்தபோது தேயிலைக் கட்டை செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய இடம் அது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் அத்தனை பிள்ளைகளும் அவர் இடுப்பில்தான். நான் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் தாதி, எல்லாருக்கும் மிஸ்ஸி. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. புண் ஆறாவிட்டால் கால் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்திருந்தேன். மஞ்சள், வல்லாரை, பாகற்காய், கறுவாப்பட்டை இவற்றில் உள்ள சத்துகள் உடம்பின் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கக்கூடும் என்று அங்கே சொன்னார்கள். இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தால் இவை எதுவும் புண்ணுக்கு உதவாது என்றும் சொன்னார்கள். நான் முதல் பாதியைத்தான் ஆசையாகப் பிடித்துக்கொண்டேன். மருந்து கட்டியபடியே, "மரத்துல செடியில கெடைக்கிறதச் சாப்பிடுங்க ஆயம்மா, புண்ணு உள்ளுக்கிருந்து ஆறும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

புண் ஆறவில்லை. ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் சீனி கூடித்தான் காட்டியது, டாக்டரும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா என்று கேட்பேன். "ஐயோ, இல்லீங்க மிஸ்ஸி" என்பார். கிளினிக் அட்டையில் 'சீனி இல்லை' என்று எழுதுவேன். ஒருநாள் பொறுமை கெட்டு, மற்றவர்கள் முன்னால் கத்திவிட்டேன். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறாரென்று. அவர் முகம் சுருங்கிப்போனது. "புள்ளைக மேல சத்தியமா மாத்திரையப் போடுறேங்க" என்றார். நான் நம்பவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்கப் போன பகலில் வார்டுக்குத் தேத்தண்ணி வந்தது. பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயம். ஆயம்மா தலையணைக்கு அடியிலிருந்த கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே கித்துள் மரத்துக் கருப்பட்டி. ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, மற்றத் துண்டை என்னிடம் நீட்டினார். "கடிச்சிக்கங்க மிஸ்ஸி. நீங்க சொன்ன மரத்துச் சாமான்தான். சீனிய அன்னைக்கே விட்டுட்டேன். புண்ணு ஆறட்டும்னு இதத்தான் கூட்டிக்கிட்டேன்."

நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தானே! உள்ளங்கையில் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவள். அதையும் சீனி என்று எங்கள் வீட்டில் யார் சொன்னார்கள்? தேத்தண்ணிக்குள் போடுகிறாரா என்று கேட்டேனே தவிர, அதை எப்படிக் குடிக்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவேயில்லை. கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் சீனிதான், மற்றக் காலாவது மிஞ்ச வேண்டும், இனி இதுவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முன்பு சொன்னது என் பிழை என்று சொல்ல வாய் திறந்தேன், முடியவில்லை. "சரிங்க" என்று பொட்டலத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

மற்றக் கால் தப்பிவிட்டது. இப்போது எல்லாரிடமும், தேத்தண்ணியை எப்படிக் குடிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்கிறேன். ஆயம்மாவிடம் என் பிழையை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன. கிளினிக் நாளில் ஊன்றுகோலோடு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொள்வார். புதிதாகச் சீனி வருத்தம் கண்டு பயந்து வரும் பெண்களைப் பக்கத்தில் அழைத்து, எனக்குக் கேட்கும்படியே சொல்வார்:

"பயப்படாதீங்க. மிஸ்ஸி சொல்றத அப்பிடியே கேளுங்க. நான் ஒண்ணு விடாமக் கேட்டேன்."